ஒரு பக்கம் 16 ரூபாய்! உங்க வீட்டு பிரிண்டர் இங்க் எங்கேதான் போகுது?



வழக்கமா இங்கே எஸ்ஐபி, ஃபார்ம் 16, கிரெடிட் கார்டு பில்னுதான் பேசுவோம். இன்னைக்கு ஒரு மாறுதலுக்கு, உங்க மேஜை ஓரத்துல தூசி படியாம துணி போட்டு மூடி வச்சிருக்கீங்களே, அந்த பிரிண்டரைப் பத்திப் பார்க்கலாம். "இதுல என்ன பர்சனல் ஃபைனான்ஸ் இருக்கு?"னு கேட்பீங்க. கணக்கு போட்டுப் பார்க்கிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

வீட்டுக் கடனுக்கு நான் விண்ணப்பம் போட்டிருந்த நேரம். 3 வருஷ ஐடிஆர், 6 மாச பேங்க் ஸ்டேட்மென்ட், இன்னும் சில காகிதங்கள். எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்து போட்டு, திங்கட்கிழமை காலை 10 மணிக்குள்ள பேங்க்ல கொடுக்கணும். வீட்டுலயே பிரிண்டர் இருக்கேங்கிற தைரியத்துல ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 10 மணிக்குத்தான் உட்கார்ந்தேன். மூணு மாசமா தொடாத பிரிண்டர். முதல் பக்கம் வந்தது. வரிக்கு நடுவுல வெள்ளைக் கோடு. என் பான் நம்பர்ல பாதி எழுத்தைக் காணோம்.

சரின்னு ஹெட் கிளீனிங் கொடுத்தேன். சரியாகலை. மறுபடி கொடுத்தேன். இப்படியே எட்டு தடவை. பாதிக்கு மேல இருந்த கலர் இங்க் அளவு, என் கண்ணு முன்னாடியே கீழே இறங்கி சிவப்புக் கோட்டுக்கு வந்துடுச்சு. அப்புறம் செஞ்சதுதான் பெரிய முட்டாள்தனம். கார்ட்ரிட்ஜைக் கழட்டி, இருமல் மருந்து பாட்டிலைக் குலுக்குற மாதிரி குலுக்கி, திரும்ப மாட்டினேன். ஒரே நிமிஷத்துல பிரிண்டருக்குள்ள எல்லாம் மை. கை, வேட்டி, மேஜை எதுவும் பாக்கி இல்லை.

காலையில ஜெராக்ஸ் கடை திறக்குறது ஒன்பதரைக்கு. 64 பக்கம், பக்கத்துக்கு 5 ரூபாய், 320 ரூபாய் கொடுத்து எடுத்துக்கிட்டு பேங்க் போய்ச் சேர்ந்தப்போ மணி பதினொண்ணு. ஃபைலைப் பார்க்க வேண்டிய அதிகாரி வெளியே கிளம்பிட்டார். ரெண்டு நாள் தள்ளிப் போச்சு. அதுக்குள்ள வீடு விக்கிறவர்கிட்ட அக்ரிமென்ட்ல சொன்ன தேதி தாண்டிடுச்சு. அவருக்கு போன் பண்ணி, கிட்டத்தட்ட கெஞ்சி, இன்னும் ஒரு வாரம் அவகாசம் வாங்கினேன். அட்வான்ஸ் போயிடுமோன்னு அந்த ரெண்டு நாளும் தூக்கமில்லை.

எல்லாம் முடிஞ்சப்புறம் பிரிண்டர்ல ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். வாங்கின ரெண்டு வருஷத்துல அது அச்சடிச்சது மொத்தம் 236 பக்கம். அந்த ரெண்டு வருஷத்துல கார்ட்ரிட்ஜ் வாங்கின பில்லைக் கூட்டினா 3,800 ரூபாய். பக்கத்துக்கு 16 ரூபாய்! பிரிண்டர் விலையை இதுல சேர்க்கவே இல்லை. ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற ஆளு, என் மேஜை மேல நடந்ததைக் கவனிக்கலை.

கம்பெனி மேல எனக்கு எந்தக் குறையும் இல்லை. தப்பு முழுக்க என்னோடது. அது என்ன தப்புன்னு பார்க்கலாம்.

பெட்டியில போட்ட 480 பக்கம் எங்கே?

உதாரணத்துக்கு எச்பி 680 கார்ட்ரிட்ஜை எடுத்துக்கோங்க. கறுப்புக்கு 480 பக்கம், கலருக்கு 150 பக்கம்னு கம்பெனி சொல்லுது. இது பொய் இல்லை. ஐஎஸ்ஓ/ஐஇசி 24711னு ஒரு சர்வதேச அளவுகோல் இருக்கு. குறிப்பிட்ட சோதனைப் பக்கங்களை, கார்ட்ரிட்ஜ் தீரும் வரைக்கும் தொடர்ந்து அச்சடிச்சு எண்ணுற முறை அது. கவனிக்க வேண்டிய வார்த்தை, 'தொடர்ந்து'. பைக் விளம்பரத்துல சொல்ற மைலேஜுக்கும், நம்ம ஊரு சிக்னல்ல நின்னு நின்னு போறப்ப கிடைக்கிற மைலேஜுக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும்.

நாம மாசத்துக்கு நாலு பக்கம் எடுக்கிறோம். சும்மா கிடந்து எழுந்திருக்கும்போது பிரிண்டர் நாசில்களைச் சுத்தம் பண்ண கொஞ்சம் மையை உறிஞ்சி வெளியே துப்பும். அந்த மை உள்ளே அடியில இருக்கிற பஞ்சு மாதிரியான ஒரு பேடுக்குப் போயிடும். காகிதத்துக்கு வரவே வராது. அதாவது, நாம காசு கொடுத்து வாங்கின மையில ஒரு பங்கு குப்பைக்கு, ஒரு பங்கு காஞ்சு வீண், மிச்சம்தான் காகிதத்துக்கு. பிரிண்ட் எடுக்க எடுக்க மை தீரும்னு நினைக்கிறோம். எடுக்காமலே விட்டாலும் அது தீரும்.

நாசில்னா என்னன்னு ஒரு நிமிஷம் பார்த்துடலாம். மை வெளியே வர்ற நுண்ணிய துளை. நம்ம தலைமுடியோட தடிமன்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் இருக்கும். அந்த மாதிரி நூத்துக்கணக்கான துளைகள். இங்க்ல பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் ஆவியாகிப் போனா துளை வாயில மிச்சம் இருக்கிறது நிறமும் பிசுபிசுப்பும்தான். கறுப்பு கார்ட்ரிட்ஜ்ல பல மாடல்கள்ல பிக்மென்ட் மை இருக்கும், அதாவது மையில கரையாம மிதக்கிற நிறத்தூள். எழுத்து பளிச்சுனு விழும், தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் கலையாது. ஆனா காஞ்சா, கலர்ல இருக்கிற டை மையைவிடப் பிடிவாதமா ஒட்டிக்கும். வெயில் காலத்துல ஜன்னல் ஓரம், ஃபேன் காத்து நேரா படுற இடம், இதெல்லாம் பிரிண்டருக்கு ஆகாது.

உங்ககிட்ட இருக்கிறது எந்த வகை?

இதைத் தெரிஞ்சுக்காம அடுத்த வரிக்குப் போகாதீங்க. ஏன்னா ஒரு வகைக்குச் சரியான வைத்தியம் இன்னொண்ணுக்கு விஷம்.

கார்ட்ரிட்ஜைக் கழட்டிப் பாருங்க. அதுல செம்பு நிறத்துல புள்ளி புள்ளியா ஒரு பட்டையும், அடியில ஒரு சின்ன உலோகத் தகடும் இருந்தா, நாசில் கார்ட்ரிட்ஜ்லயே இருக்குன்னு அர்த்தம். எச்பி 678, 680, 803 எல்லாம் இந்த வகை. கேனான்ல பிஜி 745, சிஎல் 746 மாதிரியானவையும் இதுதான். இதுல அடைப்பு வந்து சரியே பண்ண முடியலைன்னாலும், புது கார்ட்ரிட்ஜ் போட்டா புது நாசில் வந்துடும். நஷ்டம் ஒரு கார்ட்ரிட்ஜோட நிக்கும்.

இன்னொரு வகையில கார்ட்ரிட்ஜ் வெறும் மை டப்பா. ஹெட் பிரிண்டர்லயே நிரந்தரமா இருக்கும். எப்சன், பிரதர் பெரும்பாலும் இப்படி. பாட்டில்ல ஊத்துற இங்க் டேங்க் பிரிண்டர்கள்லயும் ஹெட் தனியாத்தான் இருக்கும். கேனான் ஜி சீரிஸ், எச்பி ஸ்மார்ட் டேங்க் மாதிரியானவற்றில் ஹெட்டை மட்டும் தனியா மாத்திக்க வழி இருக்கு. எப்சன்ல சர்வீஸ் சென்டர் வேலை. எதுவா இருந்தாலும் ஹெட் போச்சுன்னா, பில்லைப் பார்த்துட்டு புது பிரிண்டரே வாங்கிடலாமான்னு யோசிக்க வைக்கும்.

முதல் பழக்கம்: ஸ்விட்ச் போர்டுல கை வைக்காதீங்க

கரண்ட் பில்லுக்குப் பயந்து, பிளக் பாயின்ட்ல ஆஃப் பண்றது நம்ம வீட்டுப் பழக்கம். பிரிண்டருக்கு மட்டும் அது ஆகாது. பிரிண்டர்மேலே இருக்கிற பவர் பட்டனை அமுக்கினா, ஒரு 'கடகட' சத்தம் கேட்கும் பாருங்க. கார்ட்ரிட்ஜ் தன் இடத்துக்குப் போய் உட்காருற சத்தம் அது. அங்கே ஒரு ரப்பர் மூடி நாசில்களைக் காத்துப் புகாம அடைச்சு வைக்கும். பேனாவுக்கு மூடி போடுற மாதிரிதான். அச்சடிச்சிட்டு இருக்கும்போதே ஸ்விட்ச் போர்டுல அணைச்சா, கார்ட்ரிட்ஜ் நடுவழியில நின்னுடும். மூடி இல்லாத பேனா.

பவர் பட்டனை அமுக்கி, விளக்கு முழுசா அணைஞ்சப்புறம் வேணும்னா போர்டுல அணைக்கலாம். நான் அதையும் செய்றதில்லை. பல மாடல்கள் மின்சாரம் அடியோட போய்த் திரும்பி வந்ததும், எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு கிளீனிங் செஞ்சுட்டுத்தான் தயாராகும். கரண்ட்ல மிச்சம் பிடிக்கிற சில்லறையை மையா திருப்பிக் கொடுக்கிறதுல லாபம் என்ன? அச்சடிக்கும்போது பவர் கட் வந்தா, கரண்ட் வந்ததும் ஒரு தடவை ஆன் செஞ்சு, முறைப்படி பட்டன்லயே ஆஃப் பண்ணிடுங்க.

கார்ட்ரிட்ஜ் மாத்தும்போது

ஆரம்பிக்கிற முன்னாடி ஒரு விதி: புது கார்ட்ரிட்ஜ் கையில வராம பழசைக் கழட்டாதீங்க. காலியாயிடுச்சேன்னு கழட்டிக் குப்பையில போட்டுட்டு, ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி நாலு நாள் காத்திருக்கிறவங்க நிறைய பேர். நிரந்தர ஹெட் இருக்கிற பிரிண்டர்ல அந்த நாலு நாள்ல ஹெட்டே காஞ்சுடும். காலி டப்பாவும் அங்கே ஒரு மூடி மாதிரி வேலை செய்யுது.

பிரிண்டர் ஆன்ல இருக்கணும். மூடியைத் திறந்தா கார்ட்ரிட்ஜ் தாங்கி நடுவுக்கு வரும். நிக்கிற வரைக்கும் பொறுங்க. கையால தள்ளவோ இழுக்கவோ வேண்டாம். அடியில பழைய நியூஸ் பேப்பர் விரிச்சுக்கோங்க. பழசை வெளியே எடுத்ததும் நாசில் பக்கம் மேலே பார்க்கிற மாதிரி ஒரு டிஷ்யூ மேல வைங்க.

புதுசோட கவரை அப்போதான் கிழிக்கணும். ஓரத்தை மட்டும் பிடிச்சு எடுங்க. நாசில் மேல ஒட்டியிருக்கிற டேப்பை, அதோட காதைப் பிடிச்சு மெதுவா ஒரே இழுப்புல உரிங்க. செம்புப் பட்டையிலயோ நாசில்லயோ விரல் படக் கூடாது. விரல்ல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினாலே 'கார்ட்ரிட்ஜ் அடையாளம் தெரியவில்லை'னு பிரிண்டர் அழ ஆரம்பிச்சுடும். உரிச்ச டேப்பைத் திரும்ப ஒட்டாதீங்க. அதுல உள்ள பசை நாசிலுக்குள்ள போகும். மூணு கலரும் ஒரே தகட்டில் இருக்கிற கார்ட்ரிட்ஜ்ல ஒரு நிறம் டேப் வழியா இன்னொண்ணுல கசிஞ்சு, மஞ்சள் பச்சையா வரும். 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி உட்கார வைங்க. எச்பி 680 மாதிரி இரட்டைக் கார்ட்ரிட்ஜ்ல கலர் இடது பக்கம், கறுப்பு வலது பக்கம். அலைன்மென்ட் பக்கம் அடிக்கச் சொன்னா, சோம்பல் படாம அடிச்சிடுங்க.

'இங்க் குறைவு' எச்சரிக்கை வந்த உடனே மாத்தணுமா? நாசில் கார்ட்ரிட்ஜ்ல இருந்தா, தேவையில்லை. அது ஒரு மதிப்பீடுதான். எழுத்து மங்குற வரைக்கும் ஓட்டலாம். மங்கினப்புறமும் விடாம ஓட்டாதீங்க. எச்பி, கேனான்ல மையை ஒரு குட்டி ஹீட்டர் கண நேரத்துல ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சூடாக்கி, குமிழி உண்டாக்கித்தான் வெளியே தள்ளுது. உள்ளே மை இல்லாம ஹீட்டர் மட்டும் சூடானா, அடுப்புல வெறும் பாத்திரம் வச்ச கதை. இங்க் டேங்க்ல கீழ்க்கோடு வர்ற முன்னாடியே ஊத்திடணும். குழாய்க்குள்ள காத்து புகுந்தா, அதை வெளியேத்த செய்ற கிளீனிங்ல மை கொட்டும்.

அன்னைக்கு ஏன் ஒழுகுச்சு?

இது எனக்கு ரொம்ப நாள் புரியலை. அடியில துளை இருக்கிற டப்பா, சாதாரண நாள்ல ஏன் ஒழுகலை?

உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கு. அது மையைப் பிடிச்சு உள்பக்கமா லேசா இழுத்துக்கிட்டே இருக்கும். மேலே லேபிளுக்கு அடியில ஒரு சின்னக் காத்துத் துளை. மை குறையக் குறைய அந்த வழியா காத்து உள்ளே போகும். இந்த இழுப்பும் காத்தும் சமநிலையில இருக்கிற வரைக்கும் ஒரு சொட்டு கூட தானா விழாது. இளநீரை ஸ்ட்ராவால உறிஞ்சி, மேல் முனையை விரலால அடைச்சுத் தூக்கினா உள்ளே இருக்கிறது நிக்குமே, ஏறக்குறைய அந்த மாதிரி.

குலுக்கினா நுரை வரும், ஸ்பாஞ்ச் பிடியை விடும், சமநிலை கெடும். நான் செஞ்சது அதுதான். வெயில்ல நிறுத்தின கார்ல வச்சாலும் இதே கதி: உள்ளே இருக்கிற காத்து விரிஞ்சு மையை வெளியே தள்ளும். விமானத்துல போகும்போது காற்றழுத்தம் மாறுறதாலயும் ஒழுகலாம். ரீஃபில் பண்றவங்க ரெண்டு தப்பு செய்வாங்க. ஒண்ணு, ஸ்பாஞ்ச் தாங்குறதுக்கு மேல ஊத்துறது. மிச்சம் கீழே வழியும். இன்னொண்ணு, ஊசி குத்தின இடத்தை அடைக்கிறேன்னு காத்துத் துளையையும் சேர்த்து டேப் ஒட்டிடுறது. அப்போ காத்து உள்ளே போகாது, நாலு பக்கத்துக்கு மேல மை இறங்காது. 'நாசில் அடைச்சுக்கிச்சு'ன்னு நினைச்சு கிளீனிங் மேல கிளீனிங் போடுவோம். ரீஃபில் தப்புன்னு சொல்லலை. குறைவா ஊத்துங்க, காத்துத் துளையை விட்டுடுங்க.

சேர்த்து வைக்கிறதும் எடுத்து வைக்கிறதும்

தீபாவளி ஆஃபர்ல மூணு செட் கார்ட்ரிட்ஜ் வாங்கி அலமாரியில அடுக்கி வச்சிருக்கீங்களா? எங்க பாஷையில அதுக்குப் பேரு 'நான் மூவிங் ஸ்டாக்'. ஆடிட் போனா முதல்ல கேட்கிற கேள்வியே, இதோட வயசு என்னங்கிறதுதான். கார்ட்ரிட்ஜ் பெட்டியில ஒரு தேதி அச்சடிச்சிருக்கும். எப்சன், கேனான் ரெண்டுமே பிரிச்ச கார்ட்ரிட்ஜை ஆறு மாசத்துக்குள்ள பயன்படுத்திடச் சொல்றாங்க. 20 சதவீதத் தள்ளுபடியில வாங்கினது காஞ்சு போனா, நஷ்டம் 80 சதவீதம். எனக்கு இப்போ இருக்கிற விதி: மாட்டினது ஒண்ணு, பிரிக்காத கறுப்பு ஒண்ணு, அவ்வளவுதான். கலருக்கு ஸ்டாக் கிடையாது.

பிரிக்காததை அதோட கவர்லயே, வெயில் படாத, சூடு ஏறாத அலமாரியில வைங்க. கடையில எந்தப் பக்கமா தொங்குச்சோ அதே பக்கமா. ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. வெளியே எடுத்ததும் அதுமேல வேர்த்துக் கொட்டும், செம்புப் பட்டையில ஈரம் நிக்கும்.

பிரிச்சுப் பயன்படுத்தினதை எடுத்து வைக்கணும்னா, முதல்ல ஒரு கேள்வி: ஏன் எடுக்கணும்? பிரிண்டர்லயே இருக்கிற ரப்பர் மூடியைவிட நல்ல இடம் வீட்டுல வேற எதுவும் இல்லை. நிரந்தர ஹெட் வகையில டப்பாவைக் கழட்டி வைக்கவே கூடாது. நாசில் கார்ட்ரிட்ஜ் வகையில, பிரிண்டர் ரிப்பேருக்குப் போகுதுன்னா அப்போ கழட்டலாம். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு எடுத்துக்கோங்க, கிளிப் போட்டு மூடுற மாதிரி. கார்ட்ரிட்ஜோட நாசில் மேலே பார்க்கணும், எது மேலயும் உரசக் கூடாது. ஓரமா நனைச்சுப் பிழிஞ்ச சின்னப் பஞ்சு ஒண்ணு வச்சா உள்ளே ஈரப்பதம் நிக்கும். பஞ்சு கார்ட்ரிட்ஜைத் தொடக் கூடாது. கறுப்பையும் கலரையும் தனித்தனி டப்பாவுல போடுங்க. செலோடேப் ஒட்டுறது, வெறும் டிஷ்யூவுல சுத்தி வைக்கிறது ரெண்டும் வேண்டாம். டிஷ்யூ அந்த நுண்துளை வழியா மையை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா கார்ட்ரிட்ஜ் லேசாவும் டிஷ்யூ கனமாவும் இருக்கும்.

இதையெல்லாம்விட மலிவான வழி வாரம் ஒரு பக்கம் அடிக்கிறது. முழுப்பக்க கலர் போட்டோ வேண்டாம். நாசில் செக் பேட்டர்ன் போதும். எல்லா நிறமும் கொஞ்சம் கொஞ்சம் வந்துடும். ஞாயிற்றுக்கிழமை காபி போடும்போது நான் அடிக்கிறேன், ஒரே தாளைத் திருப்பித் திருப்பி. தாள்ல ஸ்டேப்ளர் பின் இருந்தா எடுத்துடுங்க.

அடைச்சுக்கிச்சு, இப்போ என்ன?

முதல்ல நாசில் செக். கோடு விட்டுப் போயிருந்தா ஒரு கிளீனிங், மறுபடி நாசில் செக். இப்படி மூணு தடவை வரைக்கும் பார்க்கலாம். அதுக்கு மேல அன்னைக்கு வேண்டாம். அணைச்சுட்டு ராத்திரி முழுக்க விடுங்க. எப்சன் தன்னோட இங்க் டேங்க் கையேட்டுல 12 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்லுது. நாசில்ல தேங்கின புது மையே காஞ்சதை ஊற வச்சு இளக்கும். நான் அந்த ராத்திரி எட்டு தடவை அடிச்சதுக்குப் பதிலா மூணோட நிறுத்தியிருந்தா, காலையில கொஞ்சம் நல்லாவே வந்திருக்கலாம். அவசரத்துல அது யாருக்குத் தோணும்?

நாசில் கார்ட்ரிட்ஜா இருந்தா இன்னொரு வழி இருக்கு. டிஸ்டில்டு வாட்டரை வெதுவெதுப்பாக்கி, நூல் பிரியாத துணியை அதுல நனைச்சு, நாசில் கீழே படுற மாதிரி ஒரு நிமிஷம் வைங்க. எடுத்து, காஞ்ச துணியில ஒத்துங்க. தேய்க்காதீங்க. கறுப்புல அகலமான கறுப்புப் பட்டை, கலர்ல மூணு நிறமும் தனித்தனிப் பட்டையா பதிஞ்சா வழி திறந்துடுச்சுன்னு அர்த்தம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதுல உள்ள உப்பே புது அடைப்பாயிடும். செம்புப் பட்டையில ஈரம் பட்டிருந்தா துடைச்சு, பத்து நிமிஷம் காய விட்டு மாட்டுங்க. ஊசியை எடுத்துக் குத்தலாமான்னு கேட்காதீங்க, அந்தத் துளைக்கு எந்த ஊசியும் தடிமன்தான்.

சரி, கணக்குக்கு வருவோம்

ஒரு கார்ட்ரிட்ஜ் 1,000 ரூபாய்னு வச்சுக்குவோம். கறுப்பும் கலரும் சேர்ந்து ஒரு செட் 2,000. ஆறு மாசத்துல காலியோ காய்ஞ்சதோ, மாத்தினாகணும்னா வருஷத்துக்கு 4,000. கடையில கறுப்பு பிரிண்ட் 5 ரூபாய். 4,000ஐ 5ஆல வகுத்தா 800 பக்கம், அதாவது மாசத்துக்கு 67 பக்கம். அதுக்குக் கீழே அடிக்கிறவங்களுக்கு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் ஒரு வசதிதானே தவிர, சிக்கனம் இல்லை. மாசம் 10 பக்கம் அடிச்சா கடைச் செலவு வருஷத்துக்கு 600 ரூபாய்தான்.

67ஐத் தாண்டினா இங்க் டேங்கை யோசிக்கலாம். எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மில்லி, 4,500 பக்கம்னு கம்பெனி சொல்லுது. பாட்டில் 400 ரூபாய்னு போட்டா பக்கத்துக்கு 9 பைசா. கேட்க ஆசையாத்தான் இருக்கும். ஆனா பிரிண்டர் விலை கூட, சும்மா போட்டா அதுவும் அடைக்கும், ஹெட் போனா கையைக் கடிக்கும். வீட்டுல ஸ்கூல் போற பசங்க இருந்து தினமும் ஓடுற இடத்துக்கு அது சரி. எப்பவாவது கறுப்பு மட்டும் அடிக்கிறவங்களுக்கு, கடைக்கும் போக முடியலைன்னா, என் ஓட்டு கறுப்பு லேசர் பிரிண்டருக்கு. டோனர் பொடி. காயறதுக்கு அதுல தண்ணீரே இல்லை. ஆறு மாசம் கழிச்சு ஆன் பண்ணாலும் முதல் பக்கமே சுத்தமா வரும்.

"சார், இதை வரியில கழிக்கலாமா?" இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சம்பளக்காரங்களுக்கு முடியாது. புது வரி முறையில 75,000, பழையதுல 50,000 நிலைக்கழிவு இருக்கே, உங்க பிரிண்டர், இங்க், பேப்பர் எல்லாம் அதுக்குள்ளே அடக்கம். வீட்டுலருந்து வேலை பார்க்கிறவங்க ஆபீஸ் பாலிசியில ரீஇம்பர்ஸ்மென்ட் இருக்கான்னு எச்ஆர்கிட்ட கேளுங்க.

கடைக்குப் போறவங்களுக்கு ஒரு விஷயம். பான், பேங்க் ஸ்டேட்மென்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி பிரிண்ட் எடுத்தா, அந்த ஃபைல் அந்தக் கம்ப்யூட்டர்லயே கிடக்கும். நின்னு அழிக்கச் சொல்லிட்டு வாங்க. ஆதாருக்கு, முதல் எட்டு எண்ணை மறைச்ச மாஸ்க்டு ஆதாரை யுஐடிஏஐ தளத்துலருந்து எடுத்துக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே, பக்கத்துக்குக் கொஞ்சம் கூட ஆனாலும் வீட்டுலயே அடிக்கிறேன்னு நீங்க சொன்னா நான் மறுக்க மாட்டேன். நானும் இன்னும் பிரிண்டரை விக்கலை.

அந்த வீட்டுக்குக் குடி போகும்போது பிரிண்டரை எடுத்துட்டுப் போனதையும் சொல்லிடுறேன். பட்டன்லயே ஆஃப் பண்ணி, கார்ட்ரிட்ஜ் மூடியில உட்கார்ந்ததும் வயரைக் கழட்டி, படுக்க வைக்காம நேரா பெட்டியில வச்சு, பேக்கர்ஸ் லாரியில ஏத்தாம என் கார் பின் சீட்டுல பெல்ட் போட்டு எடுத்துட்டுப் போனேன். இங்க் டேங்க் வச்சிருக்கிறவங்க பாட்டில் வாய் மூடிகளை இறுக்கிட்டு, ரொம்ப முக்கியமா, எந்தப் பக்கமும் சாய்க்காம எடுத்துட்டுப் போங்க. சில மாடல்கள்ல குழாயை அடைக்கிற ஒரு லாக் இருக்கும், அதையும் திருப்பிடுங்க. போய் இறக்கினதும் முதல்ல அடிக்க வேண்டியது நாசில் செக். எனக்கு எல்லாக் கோடும் வந்தது.